இறால் அப்பளத்தில் எத்தனை இறால்?

ஜாவாத் தீவில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு நீங்கள் சோறும் குழம்பும் மீனும் கீரையும் குறைவறப் படைத்து, எதிரே அமர்ந்து எவ்வளவு அன்போடு உபசரித்தாலும், கடித்தால் சத்தமிடும் ஒரு துண்டு 'குருப்புக்' தட்டின் ஓரத்தில் இல்லாவிட்டால், எதையோ வைத்த இடம் மறந்தவனைப்போல அவன் சுற்றுமுற்றும் பார்ப்பான். அங்கே 'வாருங்' என்று வழங்கும் சிறிய சாப்பாட்டுக் கடைகளில், முகப்பில் கண்ணாடி பதித்த சதுரமான தகர டப்பா ஒன்று மேஜைமேலோ வாசலருகிலோ வீற்றிருக்கும். அதனுள்ளே வெள்ளைவெளேரென்று சுருண்டும் நெளிந்தும் கிடக்கும் அப்பளங்களைச் சாப்பிட வருகிறவர்கள் தாங்களே கைவிட்டு எடுத்துக்கொண்டு, எத்தனை எடுத்தோம் என்பதைக் காசு கொடுக்கும் வேளையில் கணக்காகச் சொல்லிவிடுவார்கள். அப்பளம் நொறுங்கும் ஓசையின்றி விருந்து நிறைவுறாது என்று கருதும் நமக்கு, இந்தப் பழக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

குருப்புக் என்பது ஒரு ஜாதிப் பெயர். மாட்டுத் தோலில் செய்தது, மீனில் செய்தது, பூண்டு சேர்த்தது, வெறும் மாவிலே பிழிந்தது என்று அதில் பல வகை உண்டு. அவற்றுள் கௌரவமானதாக மதிக்கப்படுவதும், தேசம் விட்டுத் தேசம் சென்று புகழ் பெற்றதும் 'குருப்புக் ஊடாங்' என்னும் இறால் அப்பளந்தான். மலேசியாவில் இதன் சகோதரனைக் 'கெரோப்போக்' என்கிறார்கள். ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் ராஜ்யத்தை விட்டுப் போனபோதும் இதை விடாமல் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பல ஊர்ச் சீன உணவு விடுதிகளில், சூப்பு வருவதற்கு முன்னால் ஒரு கூடையில் வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் வந்து நிற்பதும் இதுவே. நம் ஊர்க் கல்யாண விருந்துகளிலுங்கூட இப்போது வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் மேஜைகளில் இது இடம் பிடித்துவிட்டது. ஒரு முறை, வெங்காயங்கூடத் தொடாத ஆசாரசீலரான ஒரு பெரியவர், 'இந்த அப்பளம் மிகவும் இலேசாக இருக்கிறதே' என்று மெச்சி மூன்றாவது துண்டை எடுத்தபோது, அருகிலிருந்த நான் உண்மையைச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று தர்மசங்கடப்பட்டேன். சொல்லவில்லை. பிற்பாடு இந்தப் பதார்த்தத்தின் சமாசாரங்களை ஓரளவு படித்தறிந்தபின், அவர் உண்ட மூன்று துண்டிலும் சேர்ந்து ஓர் இறாலாவது இருந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கே வந்து, மனம் சற்றுச் சமாதானம் அடைந்தது.

அந்தச் சந்தேகத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்க விரும்புகிறேன். பெயரில் இறால் இருக்கிறது, வாசனையில் இருக்கிறது, உறையின்மேல் அச்சிட்ட படத்திலோ மீசையும் வாலுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கிறது. இறாலென்றால் புரதம், புரதமென்றால் தேகபுஷ்டி என்று குழந்தைக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுக்கும் தாய் நினைத்துக்கொண்டால், அவள் நினைப்பு எவ்வளவு தூரம் சரி?

கிழக்கு ஜாவாவில், சுரபாயா நகரத்துக்குத் தெற்கே, சிடோவார்ஜோ என்றொரு ஊர் இருக்கிறது. கடலோரச் சதுப்பு நிலத்தில் பாத்தி கட்டி உப்புநீர் தேக்கி, இறாலும் பால்மீனும் வளர்ப்பது தலைமுறை தலைமுறையாக அவ்வட்டாரத்தாரின் ஜீவனம். ஆகவே 'இறாலும் பால்மீனும் விளையும் நகரம்' என்றே அதற்கு ஒரு சிறப்புப் பெயர் வழங்குகிறது. இறாலின் தலையையும் ஓட்டையும் காய்ச்சிக் கருஞ்சாந்துபோல வற்றவைத்துப் 'பெத்திஸ்' என்ற துவையல் பண்டமாக்குவதும், சதையை மாவோடு பிசைந்து குருப்புக் ஆக்குவதும் அங்கே குடிசைத் தொழில். வீண் என்று எறிவதற்கு அவர்கள் இறாலில் மிச்சம் எதையும் வைப்பதில்லை. மேற்கு ஜாவாவின் வடகரையிலுள்ள சிரபோன் நகரத்துக்கும் இறால் நகரம் என்றே பெயர். அந்த ஊரின் பெயரிலேயே 'ரபோன்' என்னும் பொடி இறால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கடற்கரை மக்கள் கூனி என்றும் சென்னாக்கூனி என்றும் சொல்லி, உலர்த்திக் குழம்பில் இடுகிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் ரபோனும்.

செய்முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். இறாலை ஓடு நீக்கி விழுதாக அரைத்து, உப்பும் பூண்டும் சிறிது சர்க்கரையும் கூட்டி, மரவள்ளிக் கிழங்கின் மாவில் கொட்டிப் பிசைகிறார்கள். பிசைந்ததைக் கைத்தடிமன் உருளைகளாக உருட்டி, உள்ளே நடுவரையில் வெந்து கண்ணாடிபோல ஆகும்வரை நீராவியில் வேகவைத்து, ஓர் இரவு முழுவதும் ஆறவிடுகிறார்கள். ஆறி இறுகிய உருளையை மறுநாள் கத்தியால் மெல்லிய வில்லைகளாகச் சீவி, மூங்கில் தட்டிகளில் பரப்பி வெயிலில் காயவைத்தால், நகத்தால் தட்டினால் 'டக்'கென்று சொல்லும் பச்சை அப்பளம் தயாராகிவிடுகிறது. வானம் மூடிக்கொண்டால் அன்றைக்குத் தொழிலும் மூடிக்கொள்ளும். இந்த வருணனையைப் படிக்கும்போது, மாசி பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் வேட்டி விரித்து, காக்கைக்குக் காவலாக நம்மை உட்காரவைத்துவிட்டு, ஜவ்வரிசி வடகம் பிழிந்த பாட்டியின் ஞாபகம் யாருக்கேனும் வந்தால் அது பிசகன்று. இரண்டும் ஒரே வித்தைதான். மரவள்ளி தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர்; போர்த்துக்கீசியர் கப்பலில் கீழ்த்திசை வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜாவாவெங்கும் பரவியது; அதே நூற்றாண்டின் எண்பதுகளில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தம் குடிகளுக்கு அதை ஊக்கிப் பயிரிடச் செய்தார். ஆதியில் ஜவ்வரிசி என்பது மலாய்த் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டு அங்கிருந்து நமக்குக் கப்பலேறி வந்த சரக்கு. இரண்டாம் உலகப் போரில் கடல்வழி அடைபட்டபோது, 1943-ஐ ஒட்டிச் சேலத்தார் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தலைப்பட்டு, அந்த வியாபாரத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆகையால் நம் வடகத்துக்கும் ஜாவாக்காரனின் குருப்புக்குக்கும் உள்ள உறவு வெறும் உவமை உறவன்று, தாயாதி உறவு.

இனி, இந்தக் கதையின் மர்ம ஸ்தானத்துக்கு வருவோம். காய்ந்து கல்லாகக் கிடக்கும் வில்லை கொதிக்கும் எண்ணெயில் விழுந்த சில நொடிகளில் நாலு மடங்கு ஐந்து மடங்கு உப்பி மேலே மிதப்பது எப்படி? மாவை வேகவைக்கும்போது அதிலுள்ள ஸ்டார்ச் மணிகள் நீரைக் குடித்து வீங்கி உடைந்து, ஒன்றோடொன்று கலந்து, இடைவெளியற்ற ஒரே பசையாகின்றன. வெயில் அந்தப் பசையிலிருந்து நீரின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. எனினும், எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நீர், நம் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாமல் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. 180 டிகிரி அளவிலான எண்ணெயின் உஷ்ணம் பட்டதும், கண்ணாடிபோல் இறுகியிருந்த ஸ்டார்ச் ரப்பர்போல இளகுகிறது. அதே கணத்தில் ஒளிந்திருந்த நீர் ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது. ஆவி தள்ளுகிறது, இளகிய சுவர்கள் பலூன்போல விரிகின்றன, ஆவி போனதும் சுவர்கள் விரிந்த நிலையிலேயே மறுபடி இறுகிவிடுகின்றன. அந்த மெல்லிய சுவர்கள் ஆயிரக்கணக்கில் பல்லுக்கிடையில் நொறுங்கும் ஓசையையே நாம் மொறுமொறுப்பு என்கிறோம். நீர் அதிகம் இருந்தால் வில்லை தோல்போல வதங்கும். அறவே இல்லாவிட்டால் கல்லாகவே கருகும். சரியான பதம் எதுவென்பதை, நூல் படியாத அந்தக் கிராமத்துப் பெண்கள் கையில் ஒரு வில்லையை ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வித்தை முழுவதும் ஸ்டார்ச்சின் வித்தை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். இறாலுக்கு இதில் வேலை எதுவும் இல்லை. வேலை இல்லாததோடு, அது ஓர் இடைஞ்சலுங்கூட! இறாலின் புரதம் ஸ்டார்ச் பசையின் நடுவே புகுந்து அதன் தொடர்ச்சியை அறுத்துவிடுவதால், சுவர்கள் விரியவேண்டிய அளவுக்கு விரிவதில்லை. மீனோ இறாலோ எவ்வளவு கூடுதலாகச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு அப்பளம் குறைவாகப் பொரியும் என்பது ஆராய்ச்சிக் கூடங்களில் அளந்து பார்த்து உறுதிசெய்யப்பட்ட விஷயம். அதாவது, எந்த அப்பளம் மேகம்போல் இலேசாகப் பொரிந்து, வாயில் வைத்த மாத்திரத்தில் கரைந்து, 'ஆகா' என்று நம்மைச் சொல்லவைக்கிறதோ, அந்த அப்பளத்தில் இறால் மிகவும் சொற்பம். எது சற்றே தடித்து, நிறம் மங்கி, கடிப்பதற்குக் கொஞ்சம் பலம் கேட்கிறதோ, அதிலேதான் இறால் உள்ளது. வாடிக்கைக்காரர் விரும்புவதோ முன்னதை. வியாபாரி என்ன செய்வான்? இறாலின் விலையையும் மரவள்ளி மாவின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வாடிக்கைக்காரரின் விருப்பமும் வியாபாரியின் லாபமும் இவ்வளவு ஒற்றுமையாகக் கைகோத்துச் செல்லும் வேறொரு தொழிலைக் காண்பது அரிது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓடு நீக்கிய பச்சை இறால் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு ஒரு கிராம் அளவே. கலோரி நூற்றுக்கும் குறைவு. சதைப்பற்றான பொருள்களில் இவ்வளவு சுத்தமான புரதம் தருவது வேறு சிலவே. மரவள்ளி மாவு 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் ஸ்டார்ச். புரதம் அரைக் கிராமுக்கும் கீழே. கலோரி 350 அளவு. ஒருவர் மனசாட்சியுள்ளவராகி, ஒரு கிலோ மாவுக்குக் கால் கிலோ இறால் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ இறாலில் உள்ள புரதம் 50 கிராம். பிசைந்து, வேகவைத்து, உலர்த்தி, எண்ணெயில் பொரித்து எடுத்தால், உள்ளே இருந்த நீர் போய் எண்ணெய் குடியேறி, மொத்தம் சுமார் 1,300 கிராம் அப்பளம் கிடைக்கும். அப்படியானால் 100 கிராம் அப்பளத்தில் தேறும் புரதம் நாலு கிராமுக்குள்ளேதான். சிறு பிள்ளைகள் வாங்கும் 60 கிராம் பொட்டலத்தில் இரண்டரைக் கிராம்கூட இராது. அவித்த கோழிமுட்டை ஒன்றில் ஆறு கிராம் இருக்கிறதென்பதை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இதுவும் கால் கிலோ இறால் சேர்த்த உத்தமரின் கணக்கு. இறாலின் வாசனை மட்டும் சேர்த்த மற்றவர்களின் பொட்டலத்தில் புரதம் ஒரு கிராமைத் தொடுவதே பெரிது.

புரதம் போன வழி அது. எண்ணெய் வந்த வழி வேறு. ஆவி வெளியேறிய துவாரங்களெல்லாம், அப்பளத்தை வாணலியிலிருந்து எடுத்து ஆறவைக்கும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகப் பொரிகிறதோ அவ்வளவுக்கவ்வளவு துவாரம். துவாரம் பெருகப் பெருக எண்ணெய். பொரித்த இறால் அப்பளத்தின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் எண்ணெயே இருக்கும் என்றால், விரலில் ஒட்டும் பிசுக்கைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்படமாட்டார்கள். ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது கலோரி வீதம், 100 கிராம் அப்பளத்திலுள்ள 500-க்கு மேற்பட்ட கலோரிகளில் ஏறக்குறையப் பாதி எண்ணெயின் கொடை. மீதி மரவள்ளியின் கொடை. 60 கிராம் பொட்டலம் ஒன்று 300 கலோரிக்கு மேல் தருகிறது. அது கிட்டத்தட்டக் கால் கிலோ வெந்த சோற்றுக்குச் சமம். ஆனால் அந்தச் சோற்றை உண்டவன் கை கழுவிவிட்டு எழுந்துபோவான். பொட்டலத்தைத் தின்றவனோ, 'இன்னும் ஒன்று இருக்கிறதா?' என்று கேட்பான். கண்ணுக்கு மலையாகவும் வயிற்றுக்குக் காற்றாகவும் இருப்பதே இந்தப் பண்டத்தின் மாயம். ஜாவாவில் பயன்படுவது பெரும்பாலும் செம்பனை எண்ணெய். அதன் கொழுப்பில் பாதியளவு, இருதயத்துக்கு ஆகாதென்று வைத்தியர்கள் எச்சரிக்கும் பூரிதக் கொழுப்பு. அதே எண்ணெயைக் கறுக்கும்வரை மறுபடியும் மறுபடியும் காய்ச்சும் கடைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விஷயத்தில் எந்தத் தேசமும் எந்தத் தேசத்தைப் பார்த்தும் சிரிக்க முடியாது.

வெறும் ஸ்டார்ச் ஜீவனைத் தாங்காது என்ற உண்மை உலகத்துக்குத் தெளிவாகத் தெரியவந்ததும் இதே ஜாவாத் தீவில்தான் என்பது ஒரு விசித்திரம். கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர், இன்றைக்கு ஜகார்த்தா என்று பெயர் மாறிய பத்தேவியாவில், ராணுவ ஆஸ்பத்திரியை ஒட்டிய ஒரு சிறு ஆராய்ச்சிச் சாலையில், பெரிபெரி என்ற கால்முடக்கு நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 1889-இல் அவருடைய கோழிகளுக்கு நோயாளிகளைப் போலவே கால் தள்ளாடத் தொடங்கியது. சில மாதங்களில் தாமாகவே தெளிந்தும்விட்டன. விசாரித்ததில், அந்தக் காலம் முழுவதும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறே கோழிகளுக்கு இடப்பட்டதென்றும், பிறகு வந்த புதிய சமையற்காரர், 'ராணுவத்து அரிசி ராணுவத்தைச் சேராத கோழிகளுக்கு ஆகாது' என்று மறுத்துவிட்டதனால், தவிடு போகாத மட்ட அரிசி வாங்கிப் போட்டார்களென்றும், அதன்பின்பே கோழிகள் பிழைத்தன என்றும் தெரிந்தது. அந்தச் சமையற்காரரின் சட்டப்பற்று வைத்திய சாஸ்திரத்துக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமன்று. தீட்டிய அரிசியோடு நில்லாமல், ஜவ்வரிசி மாவையும் மரவள்ளி மாவையும் மாத்திரமே தின்ற கோழிகளும் அவ்வாறே கால் முடங்கின என்பதை எய்க்மான் கண்டார். அவருக்குப்பின் வந்த கிரைன்ஸ், 1901-இல், நோய்க்குக் காரணம் உணவிலுள்ள விஷமன்று, உணவில் இல்லாத ஏதோ ஒரு சத்துத்தான் என்று நிர்ணயித்தார். 1926-இல் அதே நகரத்தில் யான்சென், தோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். வைட்டமின் பி1 என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருப்பது அதுவே. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கோழிகளுக்கு இட்ட மரவள்ளி மாவுதான் நம் பொட்டலத்தின் முக்கால் பாகத்துக்கும் ஆதாரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதில் வைட்டமின்களைத் தேடும் சிரமம் நமக்கு மிச்சமாகும்.

ஆனால் நாக்கு இந்தக் கணக்கையெல்லாம் ஏற்பதில்லை. இறால் இருக்கிறதென்றே சாதிக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. இறாலின் இனிப்புக்குப் பெரிதும் பொறுப்பாவது கிளைசின் என்ற அமினோ அமிலம். அதன் ஆழ்ந்த சுவைக்குக் காரணம் குளுட்டாமேட்டு. கடற்பாசிச் சாற்றில் அந்தக் குளுட்டாமேட்டை 1908-இல் ஜப்பானியப் பேராசிரியர் இக்கேடா கண்டு பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற சுவைகளோடு 'உமாமி' என்று இன்னொன்றையும் சேர்த்தார். இன்றைக்கு இவை யாவும் வெள்ளைப் பொடியாக மூட்டையில் கிடைக்கின்றன. இவற்றோடு ஈஸ்ட்டின் சாரமும் உப்பும் சர்க்கரையும் தக்கபடி கூட்டினால், கடலைக் கண்ணாலும் காணாத ஒரு தொழிற்சாலையில் இறாலின் சுவையை உண்டாக்கிவிடலாம். உருளைக்கிழங்கு வறுவலின்மேல் 'இறால் சுவை' என்று தூவப்படுவது பெரும்பாலும் இந்த ரகந்தான். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ரோஜாப்பூ இல்லாமல் ரோஜா ஷர்பத்துக் குடிக்கிறவர்கள் அப்படிச் சொல்வதும் நியாயமாகாது. சுவைக்குக் கொடுத்த காசைச் சத்துக்குக் கொடுத்ததாக எண்ணிக்கொள்வதே பிசகு.

உப்பைப்பற்றி ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இப்படிப்பட்ட பொட்டலம் ஒன்று அதில் கணிசமான பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும். நிறத்தைப்பற்றி இன்னொரு வார்த்தை. இறாலை வேகவைத்தால் சிவப்பது, புரதத்தோடு பிணைந்து மறைந்திருந்த செந்நிறப் பொருள் சூட்டினால் விடுபடுவதனால். ஆனால் கால் பங்கு இறாலைக் கொண்டு ஒரு கிலோ மாவை அப்படிச் சிவக்கவைக்க முடியாது. நன்றாக இளஞ்சிவப்பாக இருக்கும் அப்பளம் சாயத்தால் சிவந்தது. துணிக்கு ஏற்றும் ரோடமின் பி என்ற சாயத்தையும், மொறுமொறுப்புக்காக வெண்காரத்தையும் சேர்ப்பது இந்தோனேசியாவில் சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தும், அங்கே அதிகாரிகள் அவ்வப்போது அவற்றைக் கண்டுபிடித்த வண்ணமே இருக்கிறார்கள். இன்னும் ஒன்று: இறால் ஒவ்வாதவர்களுக்கு நோவு உண்டாக்கும் புரதம் கொதிக்கும் எண்ணெயிலும் அழியாதது. தேகபுஷ்டிக்குப் போதாத சொற்ப இறால், அப்படிப்பட்டவர் தேகத்தில் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்குவதற்குத் தாராளமாகப் போதும்.

பொரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மலேசியாவின் கீழ்க்கரையில் திரெங்கானு மாநிலத்தார் 'கெரோப்போக் லேக்கோர்' என்று ஒன்று செய்கிறார்கள். கோலாத் திரெங்கானுவை அடுத்த லோசோங் என்னும் இடம் அதற்குப் பேர்போனது. கடலில் மலிவாகக் கிடைக்கும் மீனை நிறையச் சேர்த்து, ஜவ்வரிசிப் பனை மாவை அதைக் கட்டிப்பிடிக்கும் அளவுக்கே கலந்து, நீண்ட குழவிகளாக உருட்டிக் கொதிநீரில் வேகவைப்பார்கள். அப்படியே தின்னலாம், எண்ணெயில் போட்டு மேல் மொறுமொறுக்க எடுத்தும் தின்னலாம். அது உப்புவதில்லை, சாம்பல் நிறம், கொஞ்சம் சவ்வு, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீன் அதில் மெய்யாகவே இருக்கிறது. அதே விழுதைச் சீவி உலர்த்திப் பொரித்தால் 'கெரோப்போக் கெப்பிங்' ஆகி, மறுபடி ஸ்டார்ச்சின் ராஜ்யம் தொடங்கிவிடுகிறது. அந்த மாநிலத்துத் தமிழ் நண்பர் ஒருவர், 'லேக்கோரைப் பசிக்குத் தின்போம்; கெப்பிங்கைப் பேச்சுக்குத் தின்போம்' என்றார். ஆகாரத்துக்கும் தின்பண்டத்துக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

ஜப்பானியர் வேறொரு வழி கண்டார்கள். அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில், போருக்குப்பின் ஜனங்கள் பசியோடு இருந்த காலத்தில், 1949-இல் தோன்றிய ஒரு சிறு உணவுக் கம்பெனி, 1955-இல் 'கால்பி' என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. கால்சியத்தின் தலையையும் வைட்டமின் பி1-இன் வாலையும் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. பத்தேவியாவின் கோழிகள் எவ்வளவு தூரம் பறந்திருக்கின்றன பாருங்கள்! அந்தக் கம்பெனி 1964-இல், சிறிய இறால்களை ஓட்டோடு முழுமையாக அரைத்துக் கோதுமை மாவில் கலந்து, விரல்போல் வரிவரியான ஒரு பண்டம் செய்து 'கப்பா எபிசென்' என்று விற்றது. இறாலின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி இருப்பது அதன் ஓட்டில்தான், சதையில் அன்று. ஆகையால் ஓட்டைச் சேர்த்தது புத்திசாலித்தனம். எண்ணெயில் முழுகப் பொரிக்காமல் அனலில் வறுப்பதும் நல்ல யோசனை. ஆயினும் அதுவும் முக்காலே மூன்று வீசம் மாவுதான். ஊட்டத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டதனால் தின்பண்டம் மருந்தாகிவிடவில்லை.

இவ்வளவும் சொன்னபின், ஜாவாக்காரன் மூடன் என்று யாரும் எண்ணிவிடலாகாது. அவன் குருப்புக்கைப் பொட்டலமாக மடியில் வைத்துக்கொண்டு சினிமாப் பார்ப்பதற்காகக் கண்டுபிடிக்கவில்லை. சோறு, அவித்த காய்கறிமேல் நிலக்கடலைச் சாறு ஊற்றிய காடோ-காடோ, சோயாவில் செய்த தெம்பே, மாட்டிறைச்சிக் கருங்குழம்பாகிய ராவோன் ஆகிய இவற்றோடு ஒன்றோ இரண்டோ துண்டு, அவ்வளவே. புரதமும் சத்தும் தட்டில் வேறிடத்தில் இருக்கின்றன. குருப்புக் சத்தம் போடுவதற்காக வந்திருக்கிறது. பத்துக் கிராம் துண்டொன்று ஐம்பது கலோரிக்குச் சற்று மேலே தரும். அதனால் எவர் குடியும் முழுகிப்போவதில்லை. தட்டிலிருந்து அது விலகிப் பொட்டலத்துக்குள் குடிபுகுந்த பிற்பாடுதான் பொல்லாப்பு. அதன் குணத்தை அந்நாட்டார் நன்றாக அறிந்தே இருக்கிறார்கள்: தொட்டதற்கெல்லாம் நொறுங்கிப்போகும் கோழை நெஞ்சனை அவர்கள் 'குருப்புக் மனசுக்காரன்' என்றுதான் ஏசுகிறார்கள்.

ஆகஸ்டு 17-ஆம் தேதி, இந்தோனேசியாவின் சுதந்திர தினத்தன்று, தெருவுக்குத் தெரு கயிறு கட்டிக் குருப்புக்குகளைத் தொங்கவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கவ்வித் தின்னும் பந்தயம் நடத்துகிறார்கள். அதில் தொங்குவது பெரும்பாலும் மலிவான வெள்ளைக் குருப்புக், இறால் ஜாதியன்று. அந்த மலிவு ஜாதிக்கும் கீழே இன்னொன்று உண்டு. சிரபோனில் 'குருப்புக் மெலாராட்' என்று விற்கிறார்கள். மெலாராட் என்றால் தரித்திரம் என்று பொருள். எண்ணெய் வாங்க வகையற்றவர்கள், நம் ஊரில் பொரியும் கடலையும் வறுப்பதுபோல, கொதிக்கும் மணலில் புரட்டிப் பொரித்தது அது. இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நெளிநெளியாகச் சுருண்டு, பைபையாகக் கடைகளில் தொங்குகிறது. இறால் அதில் இருப்பதாக அவர்கள் சொல்வதில்லை; எண்ணெய் அதில் இல்லவே இல்லை. மணல் உதிர நன்றாகத் தட்டிவிட்டு, காரமான சாம்பலில் தோய்த்துத் தின்ன வேண்டும். சாம்பல் என்றால் பயப்படவேண்டாம், அது அவர்களுடைய மிளகாய்த் துவையல்.